மாற்றுப் பானை

அறுபத்தோராம் நாளில் செல்லமுத்துவின் குடும்பம் மறுபடியும் செத்துப்போனது. முதலில் சின்னப் பிள்ளை, அடுத்து தாய், அதற்கடுத்து எல்லாரும். போனை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவன் சிரித்தான்.

"ஏண்ணா, உன் மலையில ஒரு மரவள்ளிக் குச்சிகூட முளைக்காதா? நாலு குச்சிய ஒடிச்சு நட்டுட்டுப் படுத்துக்குவேன். இப்படிக் கெழங்கு தோண்டித் தோண்டி யாருண்ணா சாவான்?"

அண்ணன் தேவராஜிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது என்பது தம்பிக்குப் பழக்கம்தான். வீட்டுக்கு எதிரே இருந்த பாறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மார்கழி வெயில் பாறையை லேசாகச் சூடாக்கியிருந்தது. கீழே பள்ளத்தில் பனி இன்னும் கலையவில்லை. பாறையின் மறுபாதியில் அம்மா குழந்தையம்மாள் மிளகு காயப்போட்டிருந்தாள்.

தேவராஜுக்கு முப்பத்து மூன்று வயது. சேலத்தில் ஐந்து பேர் மட்டும் வேலைபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில், செல்போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தான். மற்றவர்கள் கிரிக்கெட்டும் கார் பந்தயமும் செய்தபோது அவன் பஞ்சத்தைச் செய்தான். மலைமேல் இரண்டு வீடு. ஆடுகிறவனுக்கு ஒன்று, அடுத்த வீடு போனுக்கு. தானியம் தீர்ந்த நாளில் ஆட்டம் தொடங்கும். தொண்ணூறாம் நாள் மழை வரும். அதுவரை காட்டில் கிழங்கு தோண்டி, கீரை பறித்து, வீட்டில் இருக்கிற நாலு உயிரையும் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு உயிருக்கும் தலைக்குமேல் ஒரு சிறு பச்சைக் கோடு. பட்டினியில் அது குறையும். கிழங்கு தின்றால் பத்து கூடும். தோண்டப்போனால் மூன்று குறையும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாகக் குறையும்.

விளையாட்டு எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒருவராலும் நாலு உயிரையும் எழுபதாம் நாளுக்கு அப்பால் கொண்டுபோக முடியவில்லை. கம்பெனி முதலாளி ரமேஷ்குமார் கோபக்காரர் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போகிறவன் ஆடுவதற்குத்தான் இதைச் செய்கிறோம், இறங்குவதற்குள் ஒரு தடவையாவது அவன் ஜெயிக்கவேண்டாமா என்று தன்மையாகத்தான் கேட்டார். கிழங்குக்குப் பத்து கூடுகிறதே, அதைப் பதினாலாக்கிவிடு, அவ்வளவுதான் என்றார். ஒரு எண். அதை மாற்ற அரை நிமிடம் ஆகாது. தேவராஜ் ஒரு வாரம் லீவு கேட்டான். கம்பெனி மடிக்கணினியையும், விளையாட்டை ஏற்றிய ஒரு போனையும் பையில் போட்டுக்கொண்டு மலைமேல் தன் ஊர் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு பஸ் ஏறிவிட்டான்.

அந்தப் பத்து ஏன் பத்தாக இருக்கிறது என்பதை ரமேஷ்குமாரிடம் அவனால் சொல்ல முடியாது. யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன், அவனுக்குப் பத்து வயதாகவும் செல்லமுத்துவுக்கு நாலு வயதாகவும் இருந்தபோது, இந்த மலையில் மழை தவறியது. அந்தத் தொண்ணூறு நாளும் தேவராஜுக்கு நாள் நாளாக எண்ணிச் சொல்கிற மாதிரி நினைவிருந்தது. அப்பா கந்தப்பன் ஒருநாள் தோண்டினால் எத்தனை கிழங்கு வந்தது, பக்கத்துச் சரிவில் கிழங்கு தீர்ந்தபின் எவ்வளவு தூரம் போனார், தம்பியின் முழங்கால் எந்த வாரத்தில் தொடையைவிடப் பெருத்துத் தெரிந்தது என்பதெல்லாம் அவனிடம் இருந்தன. அவற்றைத்தான் எண்களாக்கி உள்ளே வைத்திருந்தான்.

இன்னொன்றையும் வைத்திருந்தான். அது மாற்றுப் பானை.

அவர்கள் ஊர் பதினோரு வீடு உள்ள சிறு குடியிருப்பு. அங்கே எந்த வீடும் தன் விதையைத் தானே வைத்துக்கொள்ளாது. அறுப்பு முடிந்ததும் விதைச் சாமையை ஒரு மண்பானையில் நிரப்பி, நொச்சி இலை போட்டு, வாயைச் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, பூச்சின்மேல் சுண்ணாம்பில் மூன்று பொட்டு வைத்து, அதைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைப்பார்கள். அந்த வீட்டுப் பானை இங்கே வரும். தன் பசி தன் விதையைத் தின்றுவிடும், அடுத்தவன் விதையைத் தொடக் கை கூசும் என்பது ஊரார் கணக்கு. முதல் மழை விழுந்த அன்று பானைகளை மாற்றிக்கொண்டு விதைக்கப் போவார்கள். கந்தப்பனுக்கு மாற்று, சரிவுக்குக் கீழே இருந்த சென்றாயன் வீடு. சென்றாயன், அவர் மனைவி அத்தாயி, ஆறு வயது மகள் சென்னம்மாள் என்று மூன்றே பேர்.

தேவராஜ் சென்றாயன் பானையை உடைத்தான்.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே காட்டுக்குப் போய்ப் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். வீட்டில் அவனும் தம்பியும். நாற்பதாம் நாள் வாக்கில் தம்பி அழுவதை நிறுத்தினான். அழுதபோது தேவராஜுக்கு எரிச்சலாக இருந்தது. நிறுத்தியதும் பயம் வந்தது. பூச்சைக் கத்தி முனையால் பெயர்த்து, துணி நிறைய அள்ளி, பாறை இடுக்கில் ஒளித்துவைத்தான். உலக்கை போட்டால் சத்தம் கேட்கும் என்று உள்ளங்கையாலும் கல்லாலும் தேய்த்து உமி நீக்கினான். தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு கஞ்சி. கிழங்குக் கஞ்சி என்று சொல்லித் தம்பிக்கு ஊட்டினான். தானும் குடித்தான். தம்பிக்கு ஊட்டியதைத் தனக்குள் எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறான். தானும் குடித்ததை மட்டும் தனக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

மூன்று முறை உடைத்தான், மூன்று முறை பூசினான். அதே செம்மண், அதே சாணம், ஈரம் காய்வதற்குள் விரலால் நீவி, மூன்று பொட்டு. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மழைக்கு ஐந்து நாள் முன்னால் சென்னம்மாள் செத்துப்போனாள். மழை விழுந்த மறுநாள் சென்றாயன் இவர்கள் பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். நிறைபானை, தளும்பத் தளும்ப இருந்தது. அப்பா அவருடைய பானையை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் பூச்சை உடைத்தார். பாதிதான் இருந்தது. கந்தப்பன் பானைக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். ஒரு கணம்தான். "நான்தான் எடுத்தேன்" என்றார். சென்றாயன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாதிப் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். மறு வருடம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே காளப்பநாயக்கன்பட்டிக்குப் பிழைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் கந்தப்பனோடு பானை மாற்றவில்லை. அவர்தான் அங்கே முதலில் மரவள்ளி நட்டார். மரவள்ளிக்கு விதை வேண்டாம், குச்சி போதும். மற்றவர்களும் ஒவ்வொருவராக மரவள்ளிக்கு வந்துவிட, மாற்றுவதற்குப் பானையே இல்லாமல் போனது. போன வருடம் கந்தப்பன் செத்தார். சாகும்வரை மகனிடம் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மகனும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரு பேச்சைச் சுற்றி நடந்து நடந்தே இருபது வருடத்துக்குமேல் ஓட்டிவிடலாம் என்பதை தேவராஜ் தன் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டான்.

மடிக்கணினியில் அவன் ஒரு சின்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தான். விளையாட்டை மனிதர் தொடாமல் அதுவே ஆடிக்கொள்ளும். பத்தாயிரம் முறை ஆடவிட்டான். தினம் தோண்டியும், ஒருநாள் விட்டு ஒருநாள் தோண்டியும், பெரியவர்கள் தின்னாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தும், என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் அது செய்து பார்த்தது. பானையைத் தொடாத ஆட்டம் ஒவ்வொன்றிலும் நாலு வயதுப் பிள்ளை எழுபதாம் நாளுக்குள் செத்தது. ஒன்றில்கூடத் தப்பவில்லை. பானையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த ஆட்டங்களில் மட்டும்தான் அது பிழைத்தது.

அவன் இத்தனை வருடமாகத் தேடியது இதுதான். பானையை உடைக்காமல் இருந்திருந்தால் செல்லமுத்து இல்லை. இப்போது பாறையில் உட்கார்ந்து சிரிக்கும் இந்த அகன்ற முதுகு இல்லை. திருடியது குற்றம்தான், ஆனால் வேறு வழி இருக்கவில்லை. இது தெரிந்த அன்று சேலத்து அறையில் அவன் நன்றாகத் தூங்கினான். இப்போது பத்தைப் பதினாலாக்கச் சொல்கிறார்கள். பதினாலாக்கினால் பானையைத் தொடாமலே எல்லாரும் பிழைப்பார்கள். தேவையே இல்லாமல் திருடியவனாக அவன் மட்டும் மிஞ்சுவான்.

"இதுல ஒரு மோசடி இருக்குண்ணா" என்றான் செல்லமுத்து. அவன் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தான். முதல் நாளே பானையை உடைத்துத் தின்றுவிடுவது அவன் வழக்கம். இந்த முறை வீம்புக்குப் பானையைத் தொடாமல் ஆடினான்.

"என்ன மோசடி?"

"எங்கூட்டுப் புள்ள அறுபதுல போயிருது. அடுத்தூட்டுப் புள்ள எம்பத்தஞ்சு நாள் வரைக்கும் குதிச்சுக்கிட்டுத் திரியுது. அவனும் அதே காட்டுலதான தோண்டறான்? எனக்கு ஒரு நாயம், அவனுக்கு ஒரு நாயமா? ஓரவஞ்சனை பண்றியே, அடுத்தூட்டுக்காரன் உனக்கு மாமனா மச்சானா?"

தேவராஜ் போனை வாங்கிப் பார்த்தான். உண்மைதான். தன் வீட்டைக் கணக்கால் எழுதியவன், அடுத்த வீட்டை நினைவால் எழுதியிருந்தான். சென்னம்மாள் எண்பத்தைந்தாம் நாள் செத்தாள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் எண்பத்தைந்தாம் நாள் அந்தச் சின்ன உருவம் அணைந்துபோகும்படி வைத்துவிட்டான். நடுவில் அவர்கள் என்ன தின்றார்கள் என்று அவன் யோசித்ததே இல்லை.

"இல்லாட்டி அவன் நம்ம பானையத் தின்னிருக்கணும்" என்று செல்லமுத்து கொட்டாவி விட்டான்.

அன்று மதியம் அடுத்த வீட்டுக்கும் தன் வீட்டு எண்களையே போட்டு தேவராஜ் ஆடவிட்டான். பானையைத் தொடாவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை அறுபத்தைந்தில் போனது. எழுபத்தெட்டில் தாயும் போனாள். ஆனால் அத்தாயி செத்துப்போகவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்றுதான். அவன் எண்கள் எல்லாமே தவறாக இருக்கவேண்டும். அந்த வருடம் காட்டில் அவன் நினைப்பதைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, செல்லமுத்துவும் கஞ்சி இல்லாமலே பிழைத்திருப்பான். அல்லது சென்றாயன் பானையைத் தின்றிருக்கவேண்டும். தின்றிருந்தால், தளும்பத் தளும்ப வந்த பானை எங்கிருந்து வந்தது?

கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, திரை அணையும்வரை அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் கீழே இறங்கினான். ஒவ்வொரு வளைவிலும் குளிர் ஒரு போர்வையாகக் கழன்று விழுந்தது. முன்னால் மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. அதில் செல்லமுத்துவின் கிழங்கும் இருக்கலாம். காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி விசாரித்தான். சென்றாயன் ஊருக்கு வெளியே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில், மாவு காயவைக்கும் களத்தில் வேலைபார்ப்பதாகச் சொன்னார்கள்.

புளித்த மாவு வாடை தெருமுனைக்கே வந்தது. சிமெண்டுக் களம் முழுதும் வெள்ளை வெளேரென்று மாவு பரப்பியிருந்தார்கள். பார்த்தால் கண் கூசியது. அதன் நடுவே ஒல்லியான ஒரு ஆள் மரப்பலகையால் மாவைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைத்துண்டும் புருவமும் வெள்ளையாகிக் கிடந்தன. தேவராஜ் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "கந்தப்பன் மகன்" என்றார் அவர். "அப்பன் மூஞ்சி அப்படியே இருக்குது."

களத்தோரம் நிறுத்தியிருந்த லாரியின் நிழலில் உட்கார்ந்தார்கள். அப்பா செத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. வர முடியவில்லை என்றார். அத்தாயி நாலு வருடத்துக்கு முன் போய்விட்டாள் என்றார். வேறு பிள்ளை பிறக்கவில்லை. செல்லமுத்து எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள் என்று தேவராஜ் சொன்னான். "அப்ப ரொம்ப நொந்துபோயிருந்தான் அந்தப் பையன்" என்றார் சென்றாயன். ஆலைக்குள் கிழங்கு அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. மனிதர் பேசாமல் இருக்கும்போது தேவராஜுக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. இன்று அது வரவில்லை.

தான் செல்போனில் ஒரு விளையாட்டுச் செய்வதாகவும், அது அந்தப் பஞ்ச வருடத்தைப் பற்றியது என்றும் மெல்லச் சொன்னான். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. சென்றாயன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதில் யாரு ஜெயிக்கறது என்று மட்டும் கேட்டார். மழை வரும்வரை உயிரோடு இருக்கிறவன் என்றான் இவன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அந்த வருசம் எங்க பானையத் தொறந்தீங்களா?"

அவர் லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த மலைச் செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தொறந்தோம்" என்றார். "அம்பதாம் நாளு வாக்குல. புள்ள முடியாம கெடந்தா. தெனம் அரைப் படி. புள்ள எந்திரிச்சு நடந்தா. நல்லாத்தான் இருந்தா, சாமி."

தேவராஜின் எண்கள் சரியாகத்தான் இருந்தன. பத்து, பத்துதான். அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியதை அவன் உணர்ந்தான். அப்படி உணர்ந்ததற்காகப் பின்னால் அவன் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

"அப்புறம் எப்படீங்க பானை நெறைஞ்சுது?"

சென்றாயன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பாதியைச் சொல்லாமலே விட்டார். எழுபத்தைந்து நாள் கழிந்தபோது கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. மழை வந்தால் பானையைத் திருப்பித் தரவேண்டும். பாதிக்குமேல் காலி. கந்தப்பனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், காலில் விழுந்துவிடலாம் என்று ஒருநாள் மேலே ஏறி வந்தார். கந்தப்பனும் குழந்தையம்மாளும் காட்டில் இருந்தார்கள். வாசலில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மூலையில என் பானை இருந்துச்சு. வெச்ச பூச்சு வெச்சபடி. மூணு பொட்டும் அப்படியே. அவனும் நாலு உசுர வெச்சுக்கிட்டுத்தான கெடக்கறான், சின்னது ஒண்ணு சாகப்போற மாதிரி இருக்குது, அப்பவும் கை வெக்கல. நான் வெச்சுட்டனேன்னு இருந்துச்சு. வெக்கத்துல அங்கயே நிக்க முடியல. அப்படியே திரும்பிட்டேன்."

மறுநாளே கீழே இறங்கினார். கூலிக்குப் பதிலாகச் சாமை தருகிற இடமாகத் தேடி, ராசிபுரம் பக்கம் ஒரு கல்லுடைக்கிற வேலையில் ஒன்பது நாள் இருந்தார். வீட்டில் பானையில் இரண்டு வள்ளம் மிச்சம் இருந்தது, எட்டுப் படி. அதைத் தின்றுகொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அத்தாயி அதைத் தொடவில்லை. தாங்கள் தின்றால் தின்ற அளவுக்கு அவர் இன்னும் சுமக்கவேண்டும், இன்னும் நாலுநாள் கூடத் தங்கவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அவர் போன எட்டாம் நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. ஒன்பதாம் நாள் அவர் மூட்டையோடு ஏறி வந்தார். அப்புறமும் இரண்டு பேருமாக உட்கார்ந்து பானையை நிரப்பி, மண் குழைத்துப் பூசினார்கள்.

"மழை பேஞ்சுது. கொண்டாந்து குடுத்தேன். உங்கப்பன் என்னோடத ஒடைச்சான். பாதிதான் இருந்துச்சு." சென்றாயன் நிமிர்ந்து தேவராஜைப் பார்த்தார். "எல்லாரும் எனக்குக் கோவம்னு நெனைச்சாங்க. கோவம் இல்ல. அவனும் தின்னிருக்கான்னு ஒரு வார்த்தை முந்தியே தெரிஞ்சிருந்தா நான் எறங்கியே போயிருக்கமாட்டனேன்னு அதையேதான் நெனைச்சுக்கிட்டுப் போனேன். இப்பவும் அதையேதான் நெனைக்கறேன். ரெண்டு பேரும் பாதிப் பாதிய வெதைச்சிருப்போம். என்ன கொறைஞ்சுபோயிருக்கும்?"

வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களில் பெரியவன் அன்று என்ன நினைத்தான் என்பது அவனுக்கு நினைவு வந்தது. சென்றாயன் மாமா உள்ளே எட்டிப் பார்த்ததையும், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதையும் அவன் கண்டான். கண்டுபிடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டான். நன்றாகப் பூசியிருக்கிறோம் என்று பெருமைகூடப் பட்டான். இத்தனை வருடமாகத் தின்றதைத்தான் குற்றம் என்று எண்ணி, பத்தாயிரம் முறை அதைக் கணக்குப் போட்டிருக்கிறான். பூசியதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்கு விளையாட்டில் எண்ணே இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். இவருக்கு அறுபது வயதுக்குமேல் ஆகிவிட்டது. இவரும் அப்பா மாதிரி ஒருநாள் போய்விடுவார். அப்பாவின் பெயரிலேயே இது முடிந்துவிடும். எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தான். எழவில்லை.

"மாமா, அப்பா எடுக்கலீங்க. அவருக்குத் தெரியவே தெரியாது. எடுத்தது நான். பூசினதும் நான்தானுங்க."

சென்றாயன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தில் இருந்த மாவு ஒரு துளி அவர் கன்னத்தில் விழுந்தது.

"எத்தனை தரம்?"

"மூணு தரமுங்க."

அவர் எதையோ மனதுக்குள் ஒத்துப்பார்க்கிறவர் மாதிரி இருந்தார். தேவராஜ் அடிக்காகக் காத்திருந்தான், வசவுக்காகக் காத்திருந்தான். அதில் எது வந்திருந்தாலும் கைநீட்டி வாங்கிக்கொண்டிருப்பான்.

"நல்லாப் பூசியிருந்தே, சாமி" என்றார் சென்றாயன்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாவைப் புரட்ட நேரமாகிவிட்டது, மேஸ்திரி வருவார் என்றார். பலகையை எடுத்துக்கொண்டு வெள்ளைக்குள் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தள்ளிய பலகையின் தடம் மாவில் நீளமாக விழுந்து, அடுத்த தள்ளலில் மூடிக்கொண்டது. தேவராஜ் அந்தக் களத்தோரம் எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது.

மேலே வந்தபின் இரண்டு நாள் அவன் பாறைப் பக்கமே போகவில்லை. குழந்தையம்மாள், "கண்ணு, ஒடம்புக்கு என்ன?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். மடிக்கணினியில் அவன் வேலைபார்த்துக்கொண்டிருந்தான். பத்தை அவன் தொடவில்லை. புதிதாக இரண்டு விஷயம் சேர்த்தான். எழுபத்தாறாம் நாள் அடுத்த வீட்டுக்காரன் ஆடுகிறவனின் வீட்டுக்கு வந்து பானையைப் பார்ப்பான். பூச்சு கலையாமல் இருந்தால் மலையை விட்டுக் கீழே இறங்கிவிடுவான். இரண்டாவது, ஒரு பொத்தான். அதை எந்த நாளில் வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கினால் பானையைத் திறந்தது அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். பொத்தானில் 'சொல்' என்று எழுதியிருந்தது.

எண்களை மாற்றாமல் பத்தாயிரம் முறை ஆடவிட்டான். பொத்தானைத் தொடாத ஆட்டங்களில் பழையபடியே ஏதாவது ஒரு வீட்டில் யாராவது செத்தார்கள். பொத்தானை அமுக்கிய ஆட்டங்களில், பத்துக்கு ஆறு ஆட்டத்தில் இரண்டு வீட்டு ஏழு பேரும் பிழைத்தார்கள். பானை இரண்டும் பாதிதான். ஆனால் ஏழு பேரும் இருந்தார்கள். அவன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, அதன்மேல் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தான். ரமேஷ்குமாரிடம் கொடுத்தால் சந்தோஷப்படுவார். பஸ்ஸில் போகிறவன் நாமக்கல் வருவதற்குள் ஜெயித்துவிடலாம்.

சாயங்காலம் செல்லமுத்து காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு பாறைக்கு வந்தான். தேவராஜ் போனை அவனிடம் நீட்டினான். முதல் நாளே பானையை உடைத்தான் தம்பி. இந்த முறை ஒரேயடியாகத் தின்றுவிடாமல், கொஞ்சம் எடுத்துவிட்டுப் பழையபடி பூசினான்.

"இதென்னண்ணா புதுசா ஒண்ணு?"

"அடுத்த ஊட்டுல சொல்றது."

"என்னன்னு?"

"தின்னுட்டேன்னு."

செல்லமுத்து அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். "எவனாச்சும் போய்ச் சொல்லுவானா? அதான் பூசியாச்சே. அவனுக்குத் தெரியப்போறதில்ல" என்றான். பொத்தானை அவன் தொடவில்லை. கட்டைவிரல் வேகமாக நகர்ந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. நாலு உருவங்களும் கோடு குறைந்தும் கூடியும் நடமாடிக்கொண்டிருந்தன. எழுபத்தாறாம் நாள் அடுத்த வீட்டிலிருந்து ஒரு உருவம் புறப்பட்டு மேலே வந்தது. வாசலில் நின்றது. திரும்பி, சரிவில் இறங்கி, திரையின் அடியோரமாக மறைந்துபோனது. அந்த வீட்டில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"இவன் எங்க போறான்?" என்றான் செல்லமுத்து.

பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. அம்மா காய்ந்த மிளகைக் கூடையில் வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேவராஜ் தம்பியின் கையைப் பார்த்தான். தடித்த, மண்ணேறிய, உயிருள்ள கை.

"செல்லமுத்து, அதக் கீழ வை. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இருண்ணா" என்றான் தம்பி, கண்ணை எடுக்காமல். "மழை வந்துரட்டும். இந்தத் தரம் ஜெயிச்சிருவேன்."

தேவராஜ் காத்திருந்தான். இன்னும் பதினான்கு நாள் இருந்தது.